குடியை விட நினைக்கும் ஆணுக்கு: எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் சேருவது

கார்த்திகை முதல் தேதி காலையில் அண்ணன் மாலை போட்டார். பதினைந்து வருடக் குடி. கடைசி நான்கைந்து வருடமாகப் பல் தேய்க்கும் முன்பே ஒரு கட்டிங் உள்ளே போயாக வேண்டும். “சாமிமேல பாரத்தைப் போட்டுட்டான், இனி தொடமாட்டான்” என்று அம்மா நிம்மதியாக இருந்தார். சாயங்காலப் பூஜையில் கற்பூரம் ஏற்றும்போது அண்ணனால் தீக்குச்சியை உரச முடியவில்லை. மூன்று குச்சி ஒடிந்தது. நான்காவதை அண்ணி வாங்கி ஏற்றினார். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு வலிப்பு. நாக்கு கடிபட்டு, தலையணையெல்லாம் ரத்தம்.

பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கப்புறம் மூன்று அட்மிஷன், இரண்டு சறுக்கல். அந்த வருடங்களில் கற்றுக்கொண்டதையும், பிறகு தெரிந்த ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் மையங்களுக்கும் அலைந்ததில் புரிந்ததையும் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் குடியை விட நினைக்கும் ஆணுக்கும், அவரைக் கூட்டிப்போகும் வீட்டாருக்கும் இது. நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

‘ஆண்கள் வார்டு’ என்பது மட்டும் போதாது

2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் 27.3 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள். பெண்களில் 1.6 சதவீதம். அதனால் நம் ஊரில் எந்த மறுவாழ்வு மையத்துக்குள் போனாலும் படுக்கை முழுக்க ஆண்கள்தான். ‘ஆண்களுக்கான பிரத்யேக சிகிச்சை’ என்று போர்டில் எழுதியிருந்தால், பெரும்பாலும் ‘இங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை’ என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஆணுக்கான சிகிச்சை என்று நான் சொல்வது வேறு. சம்பாதிக்கிறவன் என்கிற பாரம், கடன், உடல் வலி, படுக்கையறைத் தோல்வி, மனைவிமேல் சந்தேகம், அப்பாவிடம் பட்ட அடி, அழக்கூடாது என்று சின்ன வயதிலேயே போட்ட பூட்டு. இதையெல்லாம் வாயைத் திறந்து பேச இடம் கொடுக்கிற சிகிச்சை. அது கிடைக்கும் இடத்தைத் தேடுங்கள். பத்து நாள் மருந்து கொடுத்து உடம்பிலிருந்து சரக்கை இறக்குவது பல இடங்களில் நடக்கும். இந்தப் பேச்சு நடக்கும் இடம் குறைவு.

முதல் படி: அளந்து பாருங்கள்

“நான் என்ன மட்டையாகி ரோட்டிலயா கெடக்கறேன்?” என்பதுதான் எல்லா ஆண்களின் முதல் பதில். வேலைக்குப் போகிறவர், சம்பளம் கொண்டுவருகிறவர், தன்னைக் குடிநோயாளி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அவரிடம் தர்க்கம் வேண்டாம். நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள், அல்லது அவரையே தனியாக யோசிக்கச் சொல்லுங்கள். குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? குடியைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்றவுணர்வு வந்ததா? காலையில் எழுந்ததும் நடுக்கத்தை நிறுத்தவோ தெம்புக்காகவோ குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றாலே டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம். நான்காவதுக்கு ‘ஆமாம்’ என்றால் இன்னும் தள்ளிப்போடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்றும் இருக்கிறது. ‘ஆடிட்’ என்பார்கள். மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்குமேல் வந்தால் குடி கெடுதல் செய்யும் கட்டத்துக்கு வந்துவிட்டது. 20ஐத் தொட்டால் அடிமைத்தனமாக இருக்க வாய்ப்பு அதிகம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டால் உட்காரவைத்துக் கேட்டுச் சொல்வார்கள்.

இரண்டாம் படி: எப்போது, எப்படிப் பேசுவது

குடித்திருக்கும்போது பேசாதீர்கள். இரவு பத்து மணிக்கு அழுது சண்டை போட்டு வாங்கும் சத்தியம் காலையில் நினைவில்கூட இருக்காது. பேச ஏற்ற நேரம் காலைதான். அதிலும் ஏதாவது ஒன்று நடந்து அவரே வெட்கப்பட்டுக் கிடக்கும் காலை. வண்டியிலிருந்து விழுந்த மறுநாள், பிள்ளை பள்ளியில் தலைகுனிந்து வந்த மறுநாள்.

யார் பேசுவது என்பதும் முக்கியம். மனைவி ஆயிரம் முறை சொல்லியிருப்பார். அந்தக் குரல் கணவர் காதில் ஏறாது. எங்கள் வீட்டில் அண்ணனை அசைத்தது அவருடைய மேஸ்திரி. அண்ணன் பெயின்டர். “தம்பி, சாரத்து மேல ஏத்த எனக்கு பயமா இருக்கு. சரி பண்ணிட்டு வா, உன் பிரஷ் இங்கயே இருக்கும்” என்றார். வேலை போய்விடாது என்கிற உறுதி ஒரு ஆணுக்கு எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். மாமா, பழைய வாத்தியார், குடியை விட்ட ஒரு நண்பர். அவரைப் பேச வையுங்கள்.

சிகிச்சை என்றதும் ‘குடியை விடு’ என்று தொடங்காமல், “கை நடுங்குது, தூக்கம் இல்ல, வயிறு எரியுது, அதுக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்ப்போம்” என்று தொடங்கினால் பல ஆண்கள் வருவார்கள். அதில் பொய்யும் இல்லை.

இரண்டு காரியங்களைச் செய்யவே செய்யாதீர்கள். “கல்யாணம் பண்ணி வெச்சா திருந்திடுவான்” என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவது முதலாவது. குடிநோய்க்கு அது மருந்தல்ல, இன்னொருவர் வாழ்க்கையும் சேர்ந்து போகும். இரண்டாவது, சுவர் விளம்பரத்தில் பார்த்த ‘குடியை மறக்க வைக்கும்’ பவுடரைச் சாம்பாரில் கலந்து கொடுப்பது. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. குடியோடு ஒத்துக்கொள்ளாத மருந்து அதில் இருந்து, அவர் தெரியாமல் குடித்தால், ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் அது தனிப் பிரச்சினை. குடி அதற்குச் சாக்கு ஆகாது. அண்ணியோ அக்காவோ பிள்ளைகளோ முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும். 181 பெண்கள் உதவி எண். சிகிச்சைப் பேச்சு அதற்கப்புறம்.

மூன்றாம் படி: திடீரென்று நிறுத்தாதீர்கள்

கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தினமும் அதிகமாகக் குடித்த உடம்பு கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுங்க ஆரம்பிக்கும். வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் தொடங்கி நான்காம் நாள் வரை சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பாம்பு, உடம்பில் பூச்சி. அண்ணன் மூன்றாம் நாள் வார்டில் உட்கார்ந்துகொண்டு, போர்வையில் இல்லாத எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். “பத்திரம்டா, கடிக்கும்” என்றார். இந்த நிலைக்கு மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. கிடைத்தால் பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும்.

ஆகவே மாலை போடுவதோ, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வதோ, கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதோ, தாராளமாகச் செய்யுங்கள். அந்த வைராக்கியம் பெரிய பலம். ஆனால் மாலைக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ‘நாளை முதல் நிறுத்துகிறேன்’ என்று சொல்லும் அன்றாடக் குடிகாரரைக் கைகுலுக்கி அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

முன்பு வலிப்போ சித்தக் கலக்கமோ வந்தவர், காலையிலேயே குடிப்பவர், கல்லீரல் கெட்டவர், பல நாள் சரியாகச் சாப்பிடாதவர், வயதானவர், தற்கொலை பற்றிப் பேசுகிறவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் ஆகியோருக்கு உள்நோயாளியாகச் சேர்ப்பதே நல்லது. மற்றவர்கள் தினமும் வந்துபோய் மாத்திரையிலேயே இறக்கிக்கொள்ள முடியும். நடுக்கத்துக்குக் குளோர்டயஸிபாக்சைடு, லோரஸிபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். இவற்றை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிச் சாப்பிடுவது இன்னொரு அடிமைத்தனத்தில் முடியும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. ஆள் துவண்டு கிடந்தால் பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிப்போய் “ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்” என்போம். வருடக்கணக்கில் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கண் ஒரு மாதிரி ஓடும், நடை தள்ளாடும், நினைவு போய்விடும், சிலருக்கு அது திரும்புவதே இல்லை. “இவர் தினமும் குடிப்பவர், பி1 போட்டீர்களா?” என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

நான்காம் படி: எங்கே போவது

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416க்கு அடியுங்கள். டெலி-மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற எண் இருக்கிறது. தமிழக அரசின் 104லும் வழி கேட்கலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டு, ‘மனநலம்’ என்று எழுதிய அறை முன்னால் உட்கார வேண்டும். “என்னைப் பைத்தியம்னு நெனச்சுட்டியா?” என்று அண்ணன் கேட்டார். அந்தப் பெஞ்சில் அன்று இருந்த ஆண்களில் பாதிப் பேர் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அண்ணனைப் போலவே நடுக்கத்தை மறைத்துக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டினேன். அப்புறம் கேட்கவில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசு இல்லை, வலிப்பு வந்தால் பக்கத்திலேயே எல்லா டாக்டரும் உண்டு. ஆனால் கூட்டம் அதிகம், நிதானமாகக் கவுன்சலிங் கொடுக்க நேரம் குறைவு.

தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்கள் அடுத்தவை. மத்திய சமூகநீதித் துறை நிதியில் நடக்கும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் எது என்று 14446இல் கேளுங்கள். சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையைக் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நோயாளியோடு குடும்பத்தாரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே ஒரு கட்டாய அங்கமாகவே வைத்திருக்கிறார்கள். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய்ச் சிகிச்சை முகாம் நடத்தியதும் அவர்கள்தான்.

தனியார் மையங்கள் ஏராளம். நல்லவையும் இருக்கின்றன. அதனால்தான் அடுத்த படி.

ஐந்தாம் படி: பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பாருங்கள்

எங்கள் இரண்டாவது அட்மிஷன் ஒரு தனியார் இடம். போனில் பேசியதும், “நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், ராத்திரி வண்டி அனுப்பறோம்” என்றார்கள். நான்கு பேர் வந்து அண்ணனைத் தூக்கி வேனில் போட்டார்கள். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். முதல் ஒரு மாதம் போன்கூடப் பேச விடவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தவரின் முதுகில் தழும்பு இருந்தது. வந்த அன்று சாயங்காலமே குடித்தார். அண்ணி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, துணி காயப் போட்டுக்கொண்டே இருந்தார். அன்று கையெழுத்துப் போட்டவன் நான். அதை இன்னும் மறக்கவில்லை.

இது நடக்கக்கூடாது என்றுதான் சட்டமும் சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் செத்துப்போனார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மது, போதையால் வரும் மனநலச் சிக்கல்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

சேர்ப்பதில் இரண்டு வழி உண்டு. அவரே கையெழுத்துப் போட்டுச் சேர்வது ஒன்று. அப்படிச் சேர்ந்தவர் கேட்டால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், டாக்டர் சந்தேகப்பட்டால் பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லாமல், உயிருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்றால், அவருடைய பிரதிநிதி விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பார்த்த பிறகு, 30 நாள் வரை சேர்க்கலாம். ராத்திரி வேன் அனுப்பித் தூக்குவது இந்த இரண்டிலும் இல்லை.

போய்ப் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

– பதிவுச் சான்றிதழைக் காட்டுவீர்களா? மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், அவர் பெயர் என்ன?
– முதல் ஐந்து நாள் இரவில் நர்ஸ் இருப்பாரா? வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள்?
– நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம், போன் பேசலாமா?
– தனியாக உட்கார்ந்து பேசும் கவுன்சலிங் வாரத்துக்கு எத்தனை முறை?
– குடும்பத்தாருக்கு என்ன நிகழ்ச்சி?
– டிஸ்சார்ஜுக்குப் பிறகு எத்தனை மாதம் ஃபாலோ-அப்?
– மொத்தச் செலவை எழுதிக் கொடுப்பீர்களா?

சான்றிதழ் கேட்டதும் முகம் மாறினால் திரும்பி வந்துவிடுங்கள். படுக்கைப் பகுதியைக் காட்ட மறுத்தாலும் அப்படியே. உள்ளே இருக்கும் ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேச விடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் அதுவே பதில்.

ஆறாம் படி: உள்ளே எதைப் பேச வேண்டும்

மூன்றாவது இடத்தில் வாரம் ஒருமுறை குடும்பத்தாரையும் குழுவில் உட்கார விட்டார்கள். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலி, பன்னிரண்டு ஆண்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு லாரி டிரைவர், மகள் கல்யாணத்தன்று தான் மண்டபத்துக்கு வெளியே விழுந்துகிடந்ததைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் உடைந்து அழுதார். பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள். “ஆம்பளை, அழலாமா?” என்று யாரும் சொல்லவில்லை. கவுன்சலர் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் அண்ணன் பேசினார். பத்து வயதில் அப்பாவுக்குச் சாராயம் வாங்கிவரப் போன கதையை. நான் அவர் தம்பி, எனக்கே அது தெரியாது.

ஆண்கள் மட்டும் இருக்கும் குழுவின் பலம் இதுதான். பெண்கள் முன்னால் சொல்லத் தயங்குவதை அங்கே சொல்வார்கள். பலவீனமும் உண்டு: கவுன்சலர் கெட்டிக்காரராக இல்லாவிட்டால் அது ‘நான் எவ்வளவு குடிச்சேன் தெரியுமா’ என்கிற வீரக்கதைகளின் கச்சேரியாகிவிடும்.

டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

தாம்பத்தியம். தைரியத்துக்காகக் குடிக்க ஆரம்பித்துக் கடைசியில் குடியாலேயே ஆண்மை குறைந்துபோனவர்கள் நிறைய. நீண்டகாலக் குடி நரம்பையும் ஹார்மோனையும் கெடுக்கும். குடியை விட்டுச் சில மாதங்களில் பலருக்குச் சரியாகிறது. ஆகாவிட்டால் அதற்கும் சிகிச்சை உண்டு. “மாத்திரையால்தான் போச்சு” என்று பயந்து மருந்தை நிறுத்திவிட்டு மறுபடி குடிக்கப் போகிறவர்கள் அதிகம். அந்தப் பயத்தை டாக்டரிடமே கொட்டிவிடுங்கள், லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் வேண்டாம்.

சந்தேகம். மனைவியின் போனை நோண்டுவது, பால்காரரோடு பேசினாலும் சண்டை. குடிக்கும் ஆண்களிடம் இது அடிக்கடி காணும் நோய். சிலருக்குக் குடியை விட்டாலும் போகாது. தனி மருந்து தேவைப்படும். மனைவி இதைத் தனியாக டாக்டரிடம் சொல்ல வேண்டும், கணவரை வைத்துக்கொண்டு அல்ல.

வலி. மூட்டை தூக்குபவர், பெயின்டர், டிரைவர் எல்லாரும் “உடம்பு வலிக்குத்தான்” என்பார்கள். அது பொய் என்று ஒதுக்காதீர்கள். தோளையும் முதுகையும் காட்டி வைத்தியம் பாருங்கள். வலி அப்படியே இருந்தால் சரக்கு திரும்ப வரும்.

கடன். ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கந்து, நகை அடகு, கைமாற்று, எல்லாம். தெளிந்த பிறகு முதல் மாதம் இந்தத் தாள்தான் தூக்கத்தைக் கெடுக்கும். தற்கொலை எண்ணம் வரும் காலமும் இதுதான். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வராது. வீட்டில் பூச்சிமருந்தும் எலி மருந்தும் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416 இதற்கும் பயன்படும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

இளைஞர்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுவது இப்போது பல ஊர்களில் பரவியிருக்கிறது. அதற்கு மருந்தே வேறு. பியூப்ரநார்பின் போன்ற மருந்தோடு நீண்டநாள் சிகிச்சை வேண்டும். ஊசி போட்டவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் அவசியம். இடைவெளி விட்டுப் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம் என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: மறுபடி குடிக்காமல் இருக்க மருந்து

மூன்று பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நால்ட்ரெக்ஸோன், குடித்தால் வரும் சுகத்தையும் ஏக்கத்தையும் குறைக்கும். கல்லீரல் பரிசோதனை பார்த்துத் தருவார்கள், ஓபியம் வகை வலி மாத்திரை எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட், விட்ட பிறகு வரும் படபடப்பையும் ஏக்கத்தையும் தணிக்கும். நாளைக்கு மூன்று வேளை, சிறுநீரகம் பார்த்துத் தருவார்கள். டைசல்ஃபிராம் வேறு ரகம். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துத் துவண்டுவிடுவார். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு வரலாம். சில இருமல் சிரப்பில் இருக்கும் ஆல்கஹாலும் போதும். அவருக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்தால் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து இது. இருதய நோய் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு முதல் வருடம்

டிஸ்சார்ஜ் ஆன அன்று வீட்டில் விருந்து வைத்து, ‘எல்லாம் முடிந்தது’ என்று மூச்சுவிட்டோம், முதல் தடவை. வேலை அங்கேதான் ஆரம்பம்.

கட்டட வேலைக்காரருக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் கண்டம். கையில் வாரச் சம்பளம், பக்கத்தில் கூட்டாளி, தெரு முனையில் டாஸ்மாக். அண்ணனுக்கு நாங்கள் செய்த ஏற்பாடு சாதாரணம். மேஸ்திரி சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட்டார். அன்றைக்கு ஆறு மணிக்கு மகளை டியூஷனிலிருந்து கூட்டிவருவது அண்ணன் பொறுப்பு. ஏழரைக்கு ஏ.ஏ. மீட்டிங், அது என்ன என்று அடுத்துச் சொல்கிறேன். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒன்றாம் தேதியாக இருக்கும். உங்கள் ஆளுக்கு எந்த நாள், எந்த மணி, எந்தத் தெரு என்று கண்டுபிடித்து, அந்த மணிக்கு வேறொரு வேலையை வையுங்கள்.

ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் பள்ளிக்கூட அறை, சர்ச் ஹால் என்று தமிழில் மீட்டிங் நடக்கிறது. காசு கிடையாது, பெயர் விலாசம் கேட்க மாட்டார்கள். ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்பார்கள். ஆயுசுக்கும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் கேட்பதில்லை. கடவுள் பேச்சு சிலருக்கு ஒட்டாது. ஆனாலும் இரண்டு மூன்று மீட்டிங் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஏக்கம் வந்தால் கூப்பிட ஒரு ஆண் குரல் கிடைப்பது அங்கேதான். மனைவிமாருக்கு அல்-அனான் என்று தனி மீட்டிங் இருக்கிறது. அண்ணி அங்கே போன பிறகுதான் அண்ணனின் சட்டைப் பையை மோந்து பார்ப்பதை நிறுத்தினார். அவருக்கும் தூக்கம் வந்தது.

கெடா வெட்டு, சாவு வீடு, நண்பன் கல்யாணம். இந்த மூன்றுக்கும் முதல் ஆறு மாதம் போகாமலிருப்பது உத்தமம். போயே ஆகவேண்டிய சாவு என்றால் மாலை போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் திரும்புங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். “டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார், குடிச்சா செத்துடுவேன்” என்று ஒரே வரியில் சொல்லிப் பழகச் சொல்லுங்கள்; ‘ஒரே ஒரு கட்டிங்’ என்று இழுப்பவர்களிடம் அந்த வரி எடுபடும்.

ஐயப்பன் மாலையை முறையாக, டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போட்டவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 48 நாள் சுத்தமாக இருந்துவிட்டு, மலையிறங்கி மாலையைக் கழற்றும் அன்று குடிப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கழற்றும் நாளுக்கு அடுத்த நாளே ஃபாலோ-அப் தேதி வாங்கி வையுங்கள்.

சறுக்கினால்

சறுக்கல் வரலாம். அண்ணன் எட்டாவது மாதம் சறுக்கினார். ‘ஒரு தடவை’ என்று தொடங்கி ஐந்தாம் நாள் பழைய அளவுக்கே வந்துவிட்டது.

அப்போது செய்ய வேண்டியது: திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் எடுத்துக்கொண்டிருந்தவர் குடித்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒருநாள் இரண்டுநாள் குடியாக இருந்தால் மறுநாள் காலையே பழைய டாக்டரிடம், பழைய சீட்டோடு. பல நாள் தொடர்ந்திருந்தால் மறுபடி வீட்டிலேயே நிறுத்த முயலாதீர்கள். நிறுத்தித் தொடங்கி நிறுத்தித் தொடங்கினால் வலிப்பு ஒவ்வொரு முறையும் கடுமையாக வர வாய்ப்பு கூடுகிறது. மறுபடி அட்மிஷன்தான். முன்பு இருந்த எட்டு மாதம் வீணாகவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அவர் அதைத்தான் நம்ப மாட்டார். எந்த இடத்தில், எந்த மணிக்கு, யாரோடு என்று கவுன்சலரிடம் விவரமாகச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த திட்டம் அதிலிருந்துதான் வரும்.

பையைத் தயாராக வைத்திருங்கள்: இரண்டு லுங்கி, துண்டு, மூக்குக்கண்ணாடி, ஆதார், பழைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதிய ஒரு காகிதம், பிள்ளைகளின் போட்டோ. அண்ணனின் பை இன்னும் அண்ணி வீட்டுப் பீரோ மேலேதான் இருக்கிறது. நான்கு கார்த்திகை ஆகிவிட்டது, அதை இறக்கும் தேவை வரவில்லை.